ஒரே குற்றத்துக்கு எத்தனை தண்டனை? தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 127ஆம் பிரிவைத் திருத்த முயலுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். சுங்க அதிகாரி பொருளைப் பறிமுதல் செய்து தண்டம் (அபராதத் தொகை) விதித்த பிறகும், அதே செயலுக்காக நீதிமன்றம் தண்டிக்கத் தடையில்லை என்கிறது அந்தப் பிரிவு.

ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை வழக்காடித் தண்டிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(2)ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை. சுங்க அதிகாரி தண்டம் விதித்த வழக்கில் அது கைகொடுப்பதில்லை. 1949 நவம்பரில் ஜித்தாவிலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸில் வந்திறங்கிய மக்பூல் ஹுசைனிடம் தங்கம் பிடிபட்டது. அதைப் பறிமுதல் செய்த அதிகாரிகள், 12,000 ரூபாய் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அன்னியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் குற்ற வழக்கும் தொடுத்தார்கள். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, ஆகவே இது இரட்டைத் தண்டனை ஆகாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் தாமஸ் டானா வழக்கிலும் பெரும்பான்மை நீதிபதிகள் அதே வழியில் சென்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அவர் பக்கமே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

2011இல் ராதேஷ்யாம் கேஜ்ரிவால் வழக்கில் இதே நீதிமன்றம் வேறொன்றும் சொன்னது. துறை விசாரணையில், குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று ஒருவர் விடுவிக்கப்பட்டால், அதே உண்மைகளின் மேல் குற்ற வழக்கைத் தொடரக் கூடாது. அப்படியானால் விடுவிக்கும்போது வழக்கையே நிறுத்தும் வலிமை பெற்ற ஒரு முடிவு, தண்டிக்கும்போது மட்டும் வெறும் நிர்வாக நடவடிக்கையாகச் சுருங்கிவிடுமா?

சென்னையிலும் திருச்சியிலும் பிடிபடுவோரில் பலர் டிக்கெட்டுக்கும் சிறு கூலிக்கும் தங்கம் சுமக்கும் 'குருவிகள்'. தங்கத்தின் சொந்தக்காரர் வெளியில் இருப்பார். குருவி சுங்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவின் கீழ் சுங்க அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் தண்டத்துக்கும் சான்று, சிறைக்கும் சான்று. பயணிகள் வழக்குகளில் குற்ற வழக்குத் தொடர 50 லட்சம் ரூபாய் மதிப்பை வரம்பாக வைத்து 2022இல் சுற்றறிக்கை வந்தது உண்மைதான். இன்றைய விலையில் ஒரு கிலோ தங்கமே அதைத் தாண்டிவிடுகிறது. சமரசத் தொகை கட்டி வழக்கைத் தவிர்க்கலாமே என்பார்கள். தண்டம் கட்டவே கடன் வாங்கியவர் அதற்கு எங்கே போவார்?

பறிமுதலை நான் எதிர்க்கவில்லை. கடத்தல் கும்பலை நடத்துபவர்கள் சிறைக்குப் போகட்டும். ஆனால் தண்டமா, குற்ற வழக்கா என்பதைத் துறை தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டத்தை முழுதாகக் கட்டியவர் மீது பிறகு வழக்குத் தொடுக்கக் கூடாது. இரண்டும் நடந்தே தீரும் என்றால், கட்டிய தொகையைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் குறைக்கும் கடமையாவது நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நிதி மசோதாவோடு சுங்கச் சட்டத்திலும் திருத்தங்கள் வருவது வழக்கம்தான். அடுத்த மசோதாவில் 127ஆம் பிரிவையும் சேர்க்கும்படி நிதியமைச்சகத்துக்கு எழுதுங்கள், அவையிலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்