சாகச விமானப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரத்தில் மாதிரி விமானப் போட்டிகளுக்கு நடுவர்களாக அமரும் பெருமக்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கும் செட்டிநாட்டில், ரிமோட் விமானங்களைத் தாமே செய்து பறக்கவிடும் மாணவர்களைக் காண்பது மகிழ்ச்சி. அவர்களுடைய சாகசங்களுக்கு மதிப்பெண் இடும் முறை குறித்தே இம்மடல்.

மதிப்பெண் பத்திலிருந்து இறங்க வேண்டுமேயன்றி, சுழியத்திலிருந்து ஏறக்கூடாது. மாதிரி விமானங்களுக்கான பன்னாட்டு எஃப்3ஏ பிரிவில், கோணம் சுமார் 15 பாகை பிசகினால் ஒரு மதிப்பெண் குறையும். ஆள் ஏறி ஓட்டும் விமானப் போட்டிகளிலோ 5 பாகைக்கே அரை மதிப்பெண் போய்விடும். சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும் கொத்தனாரின் கண்டிப்பு இதற்குத் தேவை. ஆனால் இங்கே தரையை உரசுவதுபோல் வந்து எழும் விமானத்துக்குக் கைதட்டலோடு மதிப்பெண்ணும் உயர்ந்துவிடுகிறது. சாகசத்தின் கடினத்துக்கென்றே 'கே' என்னும் பெருக்கெண் இருக்கிறது. நடுவர் இட்ட மதிப்பெண் அதனால் பெருக்கப்படுகிறது. கடினமானது என்பதற்காக நடுவரும் கூட்டிப் போட்டால், ஒரே தகுதிக்கு இரண்டு முறை பரிசளித்ததாகும்.

வானில் செங்குத்தாக முழு வட்டம் அடிக்கும் லூப்பை எடுத்துக்கொள்வோம். உச்சியில் வேகம் குறைவதால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைத் தளர்த்தாத கையில் அங்கே வளைவு இறுகி, வட்டம் முட்டை வடிவாகிவிடும். ஆகவே மேல்பாதியின் ஆரத்தையும் கீழ்ப்பாதியின் ஆரத்தையும் ஒப்பிட்டு, தொடங்கிய உயரத்திலேயே முடிந்ததா என்று பார்த்தபின் எண் எழுதுவதே முறை. செங்குத்தாக ஏறும்போது, விமானம் தன் நீள அச்சில் உருளும் ரோல் அந்த ஏறுகோட்டின் நடுவில் விழுந்ததா என்பதையும் அப்படியே கவனிக்க வேண்டும். அதன் முன்னும் பின்னும் உள்ள நீளங்கள் சமமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் காற்றினால் வருகிறது. எஃப்3ஏ-யில் விமானம் வானில் வரைந்த பாதையே மதிப்பிடப்படுவதால், காற்றை எதிர்த்து மூக்கைச் சற்றே சாய்த்துப் பாதையை நேராக வைப்பவர்தான் சரி. ஆளேறும் விமானத்தின் செங்குத்துக் கோட்டிலோ பார்க்கப்படுவது விமானத்தின் நிலை, அதாவது அதன் உடல் செங்குத்தாக நிற்கிறதா என்பது. பாதை காற்றில் நகர்ந்தாலும் குற்றமில்லை. ஆடிக்காற்றில் ஒரு நடுவர் பாதையையும் மற்றவர் நிலையையும் பார்த்தால், மாணவர் யாரைத் திருப்தி செய்வது?

எனவே எந்த முறை என்பதைப் போட்டிக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள். குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அருகே காரணத்தை ஒரு சொல்லிலாவது குறித்து, அந்தத் தாளை மாணவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி மாதிரி விமான ஆர்வலர் ஒருவர்