பேனட்டுக்குள் ஒரு வெள்ளை டப்பா

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகருக்கு,

நீ எலெக்ட்ரிக் கார் வாங்கிய சேதியே உன் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடத்தான் தினமும் ஒரு போராட்டம்.

"இன்ஜினே இல்லை, இனிமேல் பராமரிப்பே கிடையாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயாமே? நானும் அப்படித்தான் திரிந்தேன், போன மே மாதம் வரைக்கும்.

கத்திரி வெயில். கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டேன். வழக்கமாக 45 கிலோவாட் இழுக்கிற வண்டி 18-ஐத் தாண்டவில்லை. சார்ஜர்தான் மக்கர் என்று பக்கத்துச் சார்ஜருக்கு மாற்றினேன், அங்கேயும் அதே கதை. பேனட்டைத் திறந்தால், குளிர்விக்கிற திரவமான கூலன்ட் இருக்கிற வெள்ளை டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் இரண்டு விரற்கடை கீழே! ரேடியேட்டரில் ஹோஸ் சேருகிற இடத்தில், கிளிப்பைச் சுற்றி ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி இருந்தது. கசிந்து, காய்ந்து, திரும்பக் கசிந்திருக்கிறது. தரையில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் முன்னாடியே கண்ணில் பட்டிருக்கும்.

பேட்டரியின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடுவது அந்தக் கூலன்ட்தான். வெயில் மிஞ்சினால் ஏசி கேஸும் சேர்ந்து அதைக் குளிர வைக்கும். அதுவும் போதாவிட்டால் வண்டி தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய நிசான் லீஃப் என்கிற எலெக்ட்ரிக் காரின் பேட்டரிக்கு இந்த ஏற்பாடே கிடையாது, காற்றுதான் கதி. 2012-ல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அந்த வண்டிகளின் பேட்டரி கொள்ளளவு சீக்கிரமே குறைந்துபோய்ப் பெரிய புகாரானது.

அங்கே ஒரு லாரி டிரைவர் பாசமாகத் தண்ணீர் கேனை நீட்டினார். நல்லவேளை, ஊற்றவில்லை. நம் ஊர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு உள்ளே படியும், அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதே, கையேட்டில் போட்டிருக்கிற வகைதான் வேண்டும். மாற்றும்போது காற்றை முழுக்க வெளியேற்றவும் வேண்டும். காற்று அடைத்தால் பம்ப் சுற்றும், கூலன்ட் ஓடாது. அதெல்லாம் சர்வீஸ் சென்டர் வேலை, நீ கை வைக்காதே. எட்டாம் வகுப்பில் என் சைக்கிள் டைனமோவை ரிப்பேர் செய்கிறேன் என்று நீ பண்ணியது இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் தெருமுனைக் கடையில் கேஸ் அடிக்காதே. இந்தக் கம்ப்ரசர் ஓடுவது பெரிய பேட்டரியின் ஹை வோல்டேஜில். பெட்ரோல் கார் ஏசி கம்ப்ரசருக்கு ஊற்றுகிற பிஏஜி என்கிற ஆயில் இதில் கலந்தால், மின்சாரம் கசியாமல் தடுக்கிற இன்சுலேஷன் போய்விடும்.

நாளைக் காலை, வண்டி ஆறியிருக்கும்போது அந்த வெள்ளை டப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மூடியைத் திறக்காதே, வெளியிலிருந்தே மட்டம் தெரியும். எலி ஹோஸைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு கண் பார்த்துவிடு. உன் வீட்டுக் கொட்டகையை எனக்குத் தெரியாதா!

அன்புடன்,
மணி