ஓட்டுநர் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு: எங்கள் ஐயனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கோவை-சேலம் பைபாஸில், நடுத்திட்டில் விட்டிருக்கும் திறப்பில் வலப்பக்கம் திரும்பிய எங்கள் ஐயனின், அதாவது அப்பாவின், காரை ஒரு சரக்கு வேன் உரசிவிட்டுப் போனது. கதவு நசுங்கியதோடு தப்பித்தார். அவருக்கு வயது 72. "வேன் தூரத்துலதான்டா வந்துட்டு இருந்துது. அதுக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரீல" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

அவருக்கு லேசான அறிதிறன் குறைபாடு, அதாவது கவனமும் கணிப்பும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு, இது நடப்பதற்கு முன்பே நான் உங்கள் அலுவலகங்களில் ஒன்றின் படியேறினேன். எந்த ஊர் என்பதை விட்டுவிடுகிறேன். வேறு ஊராக இருந்தாலும் பதில் மாறியிருக்காது. "அவரே வந்து ஒப்படைச்சா வாங்கிக்கறமுங்க. நீங்க சொல்லி நாங்க எப்படிங்க ரத்து பண்றது?"

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 16 உங்களுக்குத் தெரியாததல்ல. நோயோ குறைபாடோ காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் புதிய மருத்துவச் சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம். மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கை நியாயமான காரணம் ஆகாதென்றால் வேறு எது ஆகும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். காரை எடுக்க வேண்டாம் என்றால், ஐயன் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். "கவர்மெண்டே அஞ்சு வருசத்துக்குக் குடுத்துருக்குது. வேண்டாங்கறதுக்கு நீ ஆருடா?" பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சாவியை அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டு வைக்கிறார். நாற்பது வருடம் குடும்பத்தை ஓட்டிய மனிதர், சொந்த வீட்டிலேயே திருடனைப் போல அலமாரி அலமாரியாகத் தேடுகிறார். அந்தக் கார்டைக் கொடுத்தது நீங்கள். கெட்ட பெயர் எங்களுக்கு.

அவருக்கு இது முற்றிய மறதிநோய் இல்லை. தோட்டத்துக் கணக்கு, யார் வீட்டுச் சீருக்கு எவ்வளவு செய்தோம் என்பதெல்லாம் இன்றும் விரல்நுனியில் இருக்கிறது. குறைந்திருப்பது வேறு: ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைக் கவனிப்பது, எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிப்பது, சட்டென்று முடிவெடுப்பது. மூளையின் முன்பக்கமும் உச்சிக்குப் பின்பக்கமும் சேர்ந்து பார்க்கிற வேலைகள் இவை. பழகிய தோட்டத்துப் பாதையில் இந்தக் குறை வெளியே தெரியாது. பைபாஸ் திருப்பத்தில்தான் தெரியும்.

உங்கள் மருத்துவச் சான்றுப் படிவம் 1-ஏ என்ன கேட்கிறது? 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான நிறக்குருடு இல்லாமல் நிறம் தெரிகிறதா, காது கேட்கிறதா. தெரிகிறதுங்க, எல்லாம் தெரிகிறது. சிவப்பைப் பார்த்தபின் கால் பிரேக்குக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்பதற்குத்தான் அதில் கட்டமே இல்லை. அதிலும் எங்கள் ஐயனுக்குக் கையெழுத்துப் போட்ட மருத்துவர் தலையை நிமிர்த்தியே பார்க்கவில்லை. பதினெட்டு வயதுப் பையன் எட்டுப் போடும்போது கால் ஊன்றினால் திருப்பி அனுப்புகிறீர்கள். 72 வயதுக்காரருக்குத் தபாலில் கார்டு வருகிறது!

ஜப்பானில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உரிமம் புதுப்பிக்கும்போது அறிதிறன் சோதனை 2009 முதல் நடக்கிறது. கடிகாரம் வரையச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வது போன்ற சோதனைகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காகிதமும் பேனாவும் போதும்.

இந்தக் குறை உள்ள எல்லாருடைய உரிமத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. பலர் பத்திரமாகத்தான் ஓட்டுகிறார்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, தூக்கக் கோளாறு காரணமாக வந்ததென்றால் சிகிச்சையில் தேறக்கூடும். சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்கு மறதிநோயாக முற்றும். அதனால்தான் ஐந்து வருடக் கார்டு பொருந்தாது என்கிறேன். ஆண்டுக்கொருமுறை பாருங்கள். காகிதச் சோதனையோடு நிறுத்தாமல் சாலையிலும் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

காரை நிறுத்தினால் அவர் எதில் போவார் என்பது தனி வழக்கு. 2021 முதல் அம்மாவுக்கு டவுன் பஸ் இலவசம். எங்கள் ஊருக்குத்தான் பஸ்ஸும் இல்லை. அதை உங்களிடம் கேட்டு என்ன பயன்? வேறு துறை என்பீர்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். குடும்பத்தார் மருத்துவ அறிக்கையோடு வந்தால் வாங்கிப் பதிவு செய்யுங்கள். பிரிவு 16-இன்படி அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். அவர் தேறினால் சாவியை நானே கையில் கொடுக்கிறேன். தேறாவிட்டால் அதை நீங்கள் அவரிடம் சொல்லுங்கள், நான் சொல்லி அவர் கேட்கமாட்டார். எந்தக் கிழமை அழைத்து வரலாம் என்று மட்டும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
கொங்கு மண்டலத்திலிருந்து ஒரு மகன்