செயலாளர் ஆண்டறிக்கை: காது அக்குபங்சர் அமர்வுகள்

தலைவர் அவர்களுக்கும், பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, கல்வி உதவி, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கின்றன. குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்குத் துணையாக இந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய, காதில் ஊசி வைக்கும் காது அக்குபங்சரைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது, ஆனாலும் குடி கூடும். நம் வீடுகளில் பார்த்ததுதான். அதனால் தடைக்காலத்திலேயே, வலை பின்னும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தொடங்கினோம்.

முறை எளிது. பயிற்சி பெற்ற அக்குபங்சர் நிபுணர் ஒவ்வொரு காது மடலிலும் 5 இடங்களில் முடியளவு மெல்லிய ஊசி வைப்பார். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். 1970களில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், லிங்கன் மருத்துவமனையில், ஹெராயினில் சிக்கிய ஏழை மக்களுக்காக வளர்ந்த முறை இது. ‘எப்போ குடிக்க ஆரம்பிச்சே?’ என்று யாரும் கேட்பதில்லை. நம் ஆட்கள் வந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

முதல் நாள் வந்த ஓர் அண்ணன், வெயிலிலும் உப்பிலும் தடித்துப்போன காதைத் தடவியபடி வாசலிலேயே நின்றார். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். அவரைக் கூட்டிப்போக வந்த மதினி எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் பெண்களும் கேட்டார்கள். இலங்கைச் சிறையில் கணவர் இருக்கும்போது தூக்கம் எங்கே வரும்? அவர்களுக்குத் தனி மாலை ஒதுக்கினோம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊசி மட்டுமே போதையை விடுவிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொக்கைன் பழக்கத்தில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில், குறித்த இடத்தில் வைத்த ஊசி, வேறு இடத்தில் வைத்த ஊசியைவிட மேலாக வேலை செய்யவில்லை. மனசு கொஞ்சம் அடங்க இது துணை. சிகிச்சை மருத்துவரிடம்தான்.

இன்னொன்று, நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் வாரம் ஒரு தம்பி வந்தார். குடித்து இரண்டு நாளாகிறது என்றார். கை நடுங்கி டம்ளர் தண்ணீர் சட்டையில் கொட்டியது. ஊசி வைக்காமல் நேரே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அன்றிலிருந்து முதலில் மருத்துவர், பிறகுதான் நாற்காலி.

எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று கேட்கிறீர்கள். சில மாதத்தை வைத்து அந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விட்டவரும் வருகிறார், மறுபடி குடித்தவரும் வருகிறார். இரண்டாமவர் வெட்கப்பட்டு நின்றுவிடாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிது.

ஒரு நாள் காதிலிருந்து எடுத்த ஊசிகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. வெறுங்காலோடு நடக்கும் இடம். டார்ச் அடித்துத் தேடி, கடைசியில் ஒருவர் சட்டைக் காலரில் கண்டுபிடித்தோம். அதனால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் எண்ணி நோட்டில் எழுத ஒருவர் வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பெட்டிகளும் ஒரு மின்விசிறியும் தேவை. இவற்றுக்கு இன்றைய கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்