ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பழைய பொருள்களைப் பொருத்தி உருவங்கள் செய்யும் நம் சங்கத்தில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடினோம். மழையால் ஒரு கூட்டம் நின்றுபோனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தை மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் நாம் வைத்த கண்காட்சியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. காயலான் கடையிலும் வீட்டுப் பரணிலும் கிடந்த பொருள்களை ஒன்றோடொன்று பொருத்தி நம் உறுப்பினர்கள் செய்த உருவங்கள் அவை. குடியாத்தத்து உறுப்பினர் தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் பழைய நாடாக்கட்டைகளை மீன் கூட்டமாகத் தொங்கவிட்டிருந்தார். இரு முனையும் கூர்ந்த அந்தக் கட்டைகளுக்குக் கண்ணாக ஒரு சட்டைப் பொத்தான், அவ்வளவுதான். பார்க்க வந்த முதிய நெசவாளர் ஒருவர் ஒரு மீனைத் திருப்பிப் பார்த்து, "தார்க்குச்சி எங்கே?" என்று, நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய குச்சியைக் கேட்டார். பிறகு நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அவருக்கு அது மீனாகவும் தெரிந்தது, நாடாவாகவும் தெரிந்தது.

இந்தக் கலை நம்மை இழுப்பது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். 1942இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைத்துக் காளைத் தலை செய்தார். சீட் சீட்டாகவே இருக்கிறது. காளையும் நம்மைப் பார்க்கிறது. நம் வீடுகளில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்தார்கள். அதுவும் அருமையான கைவேலைதான், ஆனால் கூழான பிறகு காகிதத்தின் பழைய முகம் தெரியாது.

பெயிண்ட் அடிக்கலாமா என்ற விவாதம் மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆம்பூரிலிருந்து வந்த, ஷூ தைக்கும் மர அச்சுகளை வைத்துத்தான் அது தொடங்கியது. ஆணி அடித்த துளைகளும் அழுக்கேறிய எண்களும்தான் அவற்றின் உயிர், மூடக் கூடாது என்று வாதாடினேன். அப்போது இளைய உறுப்பினர் ஒருவர் சிற்பி லூயிஸ் நெவெல்சனுடைய படைப்புகளின் படங்களைக் காட்டினார். நியூயார்க்கில் பொறுக்கிய மரத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி முழுக்கக் கறுப்பு பூசியவர் அவர். அந்தக் கறுப்புக்குள்ளும் மரத்துண்டுகளின் வடிவங்கள் நிழலாக எழுந்து நிற்கின்றன. என் வாதம் அத்தனை உறுதியானதல்ல என்று அன்று ஒப்புக்கொண்டேன். எந்த உருவத்தையும் ஒரு மாதம் பூசாமல் வைத்துப் பார்ப்பது, அதன்பின் செய்தவர் விருப்பம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியக் கழிவு கிடக்கும் இடங்களில் தயவுசெய்து எதையும் பொறுக்காதீர்கள். தோல் வெட்டுத் துண்டுகளை எரித்துக் கருக்கும் முயற்சியும் வேண்டாம், அந்தப் புகை கெடுதல்.

வரும் ஆண்டில் சண்டிகர் செல்ல விரும்புகிறோம். சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், இடித்த வீடுகளின் சிதிலங்களையும் உடைந்த வளையல், பீங்கான் துண்டுகளையும் கொண்டு பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கட்டிய பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையலை ஒரு பெண்ணுருவத்தின் உடையாக அவர் பதித்திருப்பதை நம் உறுப்பினர்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும். வர விரும்புவோர் சித்திரை முடிவதற்குள் பெயர் கொடுங்கள்.

அடுத்த கண்காட்சிக்குப் பீடி சுற்றப் பயன்படுத்திய பழைய முறங்கள் தேவைப்படுகின்றன. வீட்டில் இருந்தால் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்