உண்டியல் திறந்திருக்கிறது, கழிப்பறை பூட்டியிருக்கிறது: ஒரு பிரெஞ்சு கிராமத்து மேயருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊர்ப் பொதுக் கழிப்பறை பூட்டியிருந்தது பற்றி அக்டோபர் கடைசியில் என் மகன் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். மூன்று வாரம் கழித்து உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. உறைபனியில் குழாய்கள் வெடித்துவிடாமல் இருக்க, சுற்றுலாப் பருவம் முடிந்ததும் பொதுக் கழிப்பறை மூடப்படும். தங்கள் புரிதலுக்கு நன்றி. எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் ஊரின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ஊரை அவமானப்படுத்துவது என் நோக்கம் அல்ல. இதன் பிரெஞ்சு வடிவத்தை மகன் உங்களுக்குத் தனியாகத் தபாலில் அனுப்புகிறான். தமிழில் வெளியிடுவது, நம் ஊரிலிருந்து அந்தப் பக்கம் கார் எடுத்துப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். துலூஸில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பத்து நாள் நாங்கள் இருவர் மட்டும் சுற்றினோம். நெடுஞ்சாலை வேண்டாம், 'டி' எழுத்துப் போட்ட சின்னச் சாலைகள் மட்டும், ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதுதான் எங்கள் சட்டம். வலது பக்கம் ஓட்டிப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் என் மனைவி "வலது, வலது" என்று சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் படுத்திருக்க, அதற்கு மேலே துரென் கோட்டை மட்டும் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, இதற்காகவே விசா வரிசையில் நின்றது தகும் என்று தோன்றியது. மார்த்தெல் சந்தையில் புதிதாக உதிர்ந்த வால்நட்டும் காட்டுக் காளானும் குவித்து வைத்திருந்தார்கள். சமைக்க இடமில்லாவிட்டாலும் அரைக் கிலோ காளான் வாங்கிவிட்டாள். அது காரிலேயே வாடியது தனிக் கதை.

அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சென்னை லயோலாவில் படித்தவன். அங்கே படித்தவர்களுக்கு அருட்தந்தை பியேர் செராக் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. 1914-இல் கொரேஸ் மாவட்டத்து மேசாக்கில் பிறந்து, 1937-இல் இந்தியா வந்து, தமிழ் படித்து, 2012-இல் சென்னையில் கண்மூடியவர். அவர் பிறந்த மேசாக்கிலிருந்து செம்மணற்கல் ஊரான கொலோஞ்-லா-ரூஜ் கூப்பிடு தூரம். அந்த ஊரின் மேயராக இருந்தவர் அவருடைய தம்பி ஷார்ல் செராக். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கத்தை 1982-இல் 66 ஊர்களோடு தொடங்கியதும் அந்த மேயர்தான். கிராமங்கள் காலியாகிச் செத்துவிடக் கூடாது, ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய சங்கம் அது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்கள் வந்தால் அவர்களோடு அவர்களுடைய சிறுநீர்ப்பையும் சேர்ந்தேதான் வரும் என்பதை மட்டும் நினைவூட்டிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். நான் அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். கார் 22 டிகிரி என்று காட்டியது. என் மனைவிக்கு 62 வயது. ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரையில் நீர் பிரிப்பதும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் அவளுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் கால் மணி நேரத்துக்கு மேல் கடன் கிடைக்காது. உங்கள் ஊர் எல்லையில் பூப் போட்ட பலகை. பிரமாதம். அதற்கடுத்து கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி. அதைவிடப் பிரமாதம். அம்பு சொன்ன இடத்தில் காரை நிறுத்தினோம்.

கதவு பூட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: அக்டோபர் 1 முதல் ஈஸ்டர் வரை மூடப்பட்டுள்ளது.

அதே சதுக்கத்தில், அந்தக் கதவிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி (நடந்து அளந்தேன்), பார்க்கிங் மெஷின் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் மேலும் ஒரு தாள்: ஏப்ரல் 1 முதல் நவம்பர் 11 வரை கட்டணம் செலுத்த வேண்டும். நான்கு யூரோ போட்டேன். அபராதம் வந்து வாடகைக் கார் நிறுவனம் அதற்கு மேல் ஒரு கட்டணம் பிடிக்குமே என்ற பயம்.

மேயர் அவர்களே, என் குறை முழுவதும் இந்தப் பன்னிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. ஒரே சதுக்கம், ஒரே நிர்வாகம், ஆனால் இரண்டு காலண்டர். காசு வாங்கும்போது நான் பருவகாலப் பயணி. கழிப்பறைக்குப் போகும்போது குளிர்காலம் வந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கோயில்களில் நடை சாத்திய பிறகும் உண்டியலில் காசு போடலாம். உங்கள் ஊரிலும் அந்த வழக்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். காப்பிக் கடை வாசலில் ஆண்டு விடுமுறை என்று எழுதியிருந்தது. உணவகம் இரண்டரைக்கே நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டது. உங்கள் அலுவலகம் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும். தேவாலயம் திறந்திருந்தது, ஆனால் அங்கே மெழுகுவர்த்திதான் ஏற்ற முடியும். கல்லறைத் தோட்டத்தில் குழாயைத் திருகினேன், தண்ணீர் ஜோராகக் கொட்டியது. இறந்தவர்களின் பூச்செடிக்கு வரும் தண்ணீர் உறையவில்லை, உயிரோடு இருப்பவர்களுக்கான குழாய் மட்டும் உறைந்துவிடும் போல. "ஊருக்கு வெளியே எங்காவது புதர் ஓரமாக நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன். அவள் சாலை ஓரத்தைக் கை காட்டினாள். வேட்டை நடக்கிறது என்று ஓர் எச்சரிக்கைப் பலகை. தூரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இரண்டு பேர், தோளில் துப்பாக்கி. "பன்றின்னு நெனச்சுச் சுட்டுடப் போறாங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

காப்பாற்றியது ஒரு பாட்டி. வாசல் மரத்தடியில் குனிந்து வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் பிரெஞ்சு அவருக்குப் புரிந்திருக்காது, என் மனைவி நின்ற நிலை புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் கை கோத்துக்கொண்டு வந்தார்கள், பொது மொழி ஒரு சொல் கூட இல்லாமல். பாட்டி சதுக்கத்துப் பக்கம் திரும்பிப் பார்த்து என்னவோ சொல்லி, கையை உதறினார். அதில் 'மேயர்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் மடல் எழுதியிருக்க மாட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் ரொக்கமதூர் போனோம். பாறையில் ஒட்டிய கோயில்கள், 216 படிகள். அந்தக் காலத்தில் யாத்ரிகர்கள் முழங்காலிலேயே ஏறுவார்களாம். பழனிப் படியை விடாமல் ஏறுகிறவள் என் மனைவி. இங்கே பாதிக்கு முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைச்சுற்றல், உதடெல்லாம் வறண்டு கிடந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று அவள் பையைத் திறந்தால், காலையில் நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில் நிரம்பினபடியே இருக்கிறது. முந்தின நாளும் குடிக்கவில்லை. அதற்கு முந்தின நாளும் மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதல்ல. பேருந்துப் பயணம் என்றால் முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடும் தலைமுறை அது. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். பள்ளியில் கழிப்பறை இருந்த லட்சணத்தில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை தண்ணீர் தொடாமலே வேலை பார்த்தவள். அதை ஓய்வு பெற்ற பிறகுதான் என்னிடம் சொன்னாள். அந்தப் பழக்கத்தை விட்டு ஒழித்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போகப் பழகினதே இந்த நான்கைந்து வருடமாகத்தான். உங்கள் பூட்டு ஒரே மதியத்தில் அவளை மறுபடி அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. "அடுத்த ஊர்லயும் பூட்டியிருந்தா என்னங்க செய்யறது?" என்று அந்தப் படியில் உட்கார்ந்து கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

உறைபனிக் காரணத்தை நான் மறுக்கவில்லை. டிசம்பரில் பூட்டுங்கள், ஜனவரியில் பூட்டுங்கள், தண்ணீரை வடித்துக் குழாயைக் காலி செய்யுங்கள். அது நியாயம். என் கோரிக்கை சின்னது: எந்த நாளில் பார்க்கிங் மெஷினை அணைக்கிறீர்களோ, அந்த நாளில் கழிப்பறையைப் பூட்டுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

எங்கள் நாட்டில் எல்லாம் ஒழுங்கா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். எங்கள் பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து சில்லறை கேட்பார். நாற்றம் இருக்கும், பூட்டு இருக்காது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உங்கள் நாட்டின் மேல் எங்களுக்கு இருந்த மரியாதை எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் சொல்கிறேன். பாரிஸ் தெருக்களில் நானூறுக்கு மேற்பட்ட தானியங்கிக் கழிப்பறைகள் இருக்கின்றன, 2006 முதல் இலவசம். ஆனால் அதே பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டில் தெருவோரம் கட்டியவை ஆண்களுக்கு மட்டுமானவை. அவற்றுக்கு வைத்த பெயர், சிறுநீருக்கு வரி போட்ட ரோமப் பேரரசர் வெஸ்பாசியனுடையது. பேரரசரின் மகன் அந்த வரிக்கு முகம் சுளித்தபோது, அதில் வந்த நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். அவரிடம் உங்கள் சதுக்கத்தைக் காட்டியிருந்தால் அசந்திருப்பார். அவர் சிறுநீருக்கு வரி போட்டார், கதவைப் பூட்டவில்லை.

சொல்ல ஆரம்பித்தால் வேறு குறைகளும் வருகின்றன. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை நாடே கதவைச் சாத்திக்கொள்வது ஏன்? 2018-இல் சின்னச் சாலைகளுக்கு 80 என்று வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு மாவட்டங்கள் விரும்பினால் 90 வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். இப்போது எந்த இடத்தில் எது என்று வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இவை உங்கள் அதிகாரத்தில் இல்லை, தெரியும். மன்னியுங்கள். கோபம் வந்தால் வயதானவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது எல்லா நாட்டிலும் உண்டு.

அதே கோபத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உங்கள் பக்கத்துக்காரரான செராக் பாதிரியார் மானாமதுரைப் பக்கத்து வறண்ட மண்ணில் கிணறு வெட்ட உழைத்தவர். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருத்திக்கு உங்கள் ஊரில் ஒரு குழாய் திறக்க முடியவில்லை. எழுதிப் பார்த்தபோது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிந்தது. மகனும் எடுத்துவிடச் சொன்னான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்காக வேண்டாம், நாங்கள் மறுபடி வருவோமோ மாட்டோமோ. நவம்பர் 1 அன்று உங்கள் ஊர்க்காரர்களே எங்கெங்கோ இருந்து சாமந்திச் செடித் தொட்டிகளோடு கல்லறைக்கு வருவார்களே, அவர்களில் பாட்டிகள் எத்தனை பேர்? மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த மருமகள் எங்கே போவாள்? வால்நட் பொறுக்கும் அந்தப் பாட்டி வீட்டின் முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க முடியாது. எனக்கு உங்கள் ஊரில் ஓட்டு இல்லை. அந்தப் பாட்டிக்கு இருக்கிறது, தேர்தலும் வரும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மெஷின் அணையும் நாளில் கதவு பூட்டப்படட்டும், மெஷின் எரியும் நாளில் கதவும் திறந்திருக்கட்டும். நிர்வாகத்தால் இது முடியாது என்றால், குறைந்தபட்சம் ஊர் எல்லையில் இருக்கும் அந்த அம்புக்குறியை அக்டோபர் 1 அன்று ஒரு சாக்குப்பை போட்டு மூடிவிடச் சொல்லுங்கள். அம்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் பக்கத்து ஊருக்குப் போயிருப்போம். அங்கே திறந்திருந்தது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன்

பின்குறிப்பு: பார்க்கிங் ரசீதைத் தபாலில் இணைத்திருக்கிறேன். மாலை ஐந்தரை வரை செல்லும். நாங்கள் நாற்பது நிமிடம்தான் நிறுத்தியிருந்தோம்.