ஆத்தங்குடித் தரையும் அயித்தையின் குதிகாலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்டிருந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். "பளபளக்கும் ஆத்தங்குடித் தரையில் கால் வைத்த மாத்திரத்திலேயே இங்கே கவனிப்பு எப்படி இருக்கும் என்பது விளங்கிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார் தங்கள் செய்தியாளர். அப்படிப்பட்ட கால் எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் என் அயித்தைக்காக நான் அலைந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு தவறாமல் அதைப் பற்றி எழுதுகிறீர்கள். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால் வருகிற வழவழப்பு அது. துடைக்கத் துடைக்க மெருகு கூடும். கல்யாண வீட்டுக்கு அழகுதான். எண்பது வயதுக்காரர் ஒருவர் நடு இரவில் கழிப்பறையிலிருந்து ஈரக் காலோடு திரும்பி வருவதற்கு ஏற்ற தரையா என்று இந்த வட்டாரத்து எலும்பு மருத்துவர் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கட்டுரையில் பர்மா தேக்குத் தூண் இருக்கிறது. முகப்பு இருக்கிறது, பட்டாலை இருக்கிறது. சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி இருந்ததா என்பது இல்லை. இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது இல்லை. மாலைப் பலகாரமாகக் கந்தரப்பம் கொடுத்தார்கள் என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார். பல் இல்லாதவர்களுக்கு அதைப் பிட்டு ஊட்டியது யார் என்றும் பார்த்திருக்கலாம்.

நான் தேவகோட்டைக்காரி. நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அயித்தை, அப்பச்சியின், அதாவது என் அப்பாவின் தங்கை, இருந்தது தாங்கள் எழுதிய இல்லம் அல்ல, வேறொன்று. அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் தாங்கள் போடப் போவதில்லை. அங்கும் இதே கல், இதே தூண், வாசலில் இதே தஞ்சாவூர் ஓவியம். அயித்தைக்கு மகன்கள் இருவர். மூத்தவர் சென்னையில், இளையவர் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில். படங்களைப் பார்த்து இடத்தை முடிவு செய்தது அவர்கள். போய்ப் பார்த்து வருவது மட்டும் "ஊரில் இருக்கிறவள் நீதானே" என்று என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போய் பர்மாவிலும் மலாயாவிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள் என்றால், இங்கே வளவில், முற்றத்தைச் சுற்றிய பெரிய வீட்டில், நாலு ஆச்சிமாராவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்த வளவுகளில் புறா இருக்கிறது, இல்லையென்றால் தங்கும் விடுதி இருக்கிறது. அதையும் தாங்கள் அட்டைப்படமாகப் போட்டாகிவிட்டது.

அயித்தையின் அறையில் கேமரா உண்டு. மூத்தவர் சென்னையிலிருந்தே கைப்பேசியில் பார்ப்பார். "ஆத்தா நிம்மதியாகத் தூங்குகிறார்கள்" என்று எனக்குச் செய்தி அனுப்புவார். பகல் பதினொரு மணிக்கு ஒருவர் அசைவில்லாமல் தூங்குவதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு மகனாகப் பிறந்திருக்க வேண்டும். நான் மருந்துச் சீட்டைக் கேட்டேன். பழைய ரத்த அழுத்த மாத்திரையோடு புதிதாக ஒரு தூக்க மாத்திரை சேர்ந்திருந்தது. எந்த மருத்துவர் எழுதினார் என்பதற்குக் கையெழுத்து இல்லை. இரவில் சத்தம் போடுகிறார், மற்றவர்கள் தூங்க வேண்டாமா என்று கேட்டார் மேலாளர். வயதானவர்களுக்கு அந்த மாத்திரைகளால் தலை கிறுகிறுத்து விழுகிற ஆபத்து கூடும் என்பதும், அரை மயக்கத்தில் இருப்பவர் சரியாகச் சாப்பிட மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியாதா? கேட்காதவரைக் கவனிப்பது சுலபம், அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போனேன். எழுந்து நடமாட முடியாத ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். அதற்காகக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. மணியடித்தாற்போல் டிக் அடித்திருந்தார்கள். எட்டு மணிக் கட்டத்தில் டிக், பத்து மணிக் கட்டத்தில் டிக், விடியற்காலை நான்கு மணிக் கட்டத்திலும் டிக்! எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். போர்வையை விலக்கினால், இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கறுத்து, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. கொசுக்கடி என்றார் மேலாளர். குடிநீர்த் தம்ளர் அயித்தையின் கைக்கு எட்டாத ஜன்னல் திட்டில் இருந்தது. மூடி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். மூடியின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

அங்கே வேலை பார்த்த பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவில் இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண். கல்லல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். அத்தனை பேரையும் அவர் ஒருவரே இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவது நடக்கிற காரியமா? அவர்தான் என்னிடம் காதோடு சொன்னார்: "பகலில் வாருங்கள் என்று சொல்வார்கள் ஆச்சி. நீங்கள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள்." தங்கள் இரண்டு பக்கத்தில் கிடைக்காத விவரம் இந்த ஒரு பேச்சில் எனக்குக் கிடைத்தது.

விஷயத்தைச் சொன்னபோது இளையவருக்குக் கோபம் வந்தது, என் மேல். அவர் இருக்கிற நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கும் சேர்த்து நான்தான் படித்தேன். அமெரிக்காவில் மத்திய அரசின் திட்டங்களில் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்களுக்கு 2008-ஆம் ஆண்டிலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அரசே வெளியிடுகிறது. ஆய்வில் கண்ட குறைகள், பணியாளர் அளவு, இருப்பவர்களின் உடல்நிலை என்று மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில் பணியாளர் கணக்கை இல்லங்களே சொல்லிக்கொண்டிருந்தன. அது சரிப்படாது என்று கண்டு இப்போது சம்பளப் பதிவேட்டை ஒட்டிய கணக்கைக் கேட்கிறார்கள். ஆய்வுக்குச் சொல்லாமல்தான் போக வேண்டும். எந்த நாள் வருகிறார்கள் என்று முன்கூட்டிக் காதில் போடுகிறவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்று 1987-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நான் நம்பவில்லை. ஆனால் தங்கள் செய்தியாளர் போன அன்று வாசலில் மாக்கோலம் போட்டு, முதியவர்களுக்குப் புதுத்துண்டு போர்த்தி வரிசையாக உட்கார வைத்திருந்தார்களே, படத்தில் தெரிகிறதே, அவர்களுக்கு வருகிற நாளைச் சொன்னது யார்? அபராதம் யாருக்கு?

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. "அமைக்கலாம்", அவ்வளவுதான். இல்லங்களில் என்ன தரம் இருக்க வேண்டும் என்று மாநில அரசு வகுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பிள்ளைகள் சோறு போடாவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். எங்கள் அயித்தை மகன்கள் அதைவிட அதிகமாகவே ஒன்றாம் தேதி தவறாமல் அனுப்புகிறார்கள். பணத்தை மட்டும் அனுப்புகிற பிள்ளையை எந்தத் தீர்ப்பாயத்துக்கு அழைப்பது? முதியோருக்கு உதவ 14567 என்று ஓர் எண் இருக்கிறது. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை எடுக்கிறார்கள். அயித்தையின் அட்டையில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தது எட்டு மணிக்கும் அதற்குப் பிறகுமான கட்டங்களில்.

இதையெல்லாம் முன்பே ஒரு கடிதமாகத் தங்களுக்கு எழுதினேன். நினைவிருக்கும். அதில் போகிறபோக்கில், காரைக்குடி பேருந்து நிலையத்தில் வயதானவர்கள் உட்கார இடமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து "இருக்கை வேண்டும்" என்று தலைப்பிட்டு, என் பெயரில் எழுத்துப் பிழையோடு வெளியிட்டீர்கள். நன்றி. இடப்பற்றாக்குறை எனக்கும் புரியும். ஞாயிறு கட்டுரைக்கு அடுத்த பக்கத்திலேயே அதே இல்லத்தின் கால்பக்க விளம்பரத்துக்கு இடம் இருந்ததும் கண்ணில் பட்டது.

அயித்தையை வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டேன். புதுவயல் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம், சொரசொரப்பான சிமெண்ட் தரை. படம் எடுக்க அங்கே ஒன்றும் கிடைக்காது. மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் எனக்குப் போன் வருகிறது. தூக்க மாத்திரையை அங்கு வருகிற மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். இப்போது அயித்தை எல்லோரையும் வைகிறார். "சாம்பாரில் உப்பு இல்லை என்று கூப்பிட்டுச் சொல்கிறார்" என்று அங்கே இருக்கும் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. குதிகால் ஆற நாளாகும் என்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இனிமேல் இப்படி ஒரு கட்டுரை போட்டால், கீழே ஒரு சின்னக் கட்டத்தில் மூன்று விவரம் போடுங்கள்: சமூக நலத்துறையில் பதிவு செய்த எண், இரவுப் பணியில் இருப்பவர் எத்தனை பேர், மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார். தரத் தயங்குகிற இல்லம் என்றால் "தரவில்லை" என்று போட்டால் போதும். வார பலனில் ஒரு ராசிக்குக் கொடுக்கிற இடம்தான் ஆகும்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அயித்தை மகன்கள் இருவரும் தங்கள் மின்னிதழின் சந்தாதாரர்கள். வெட்டுவதாக இருந்தால் பேருந்து நிலையத்தைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தேவகோட்டை.